மேரி லூவின் பூசை

1903 நவம்பர் 22. பாடகர் குழுக்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அன்று பார்த்துத்தான் திருத்தந்தை பத்தாம் பயஸ் கோவில் இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். கோவிலுக்குள் பியானோ கூடாது. டிரம், ஜால்ரா மாதிரி இரைச்சல் போடும் எதுவும் கூடாது. ஆர்கன் இருக்கலாம். இந்த ஆணையை இன்றைக்கு எங்கள் பங்குக் கோவிலில் அமல்படுத்தினால், ஞாயிறு முதல் பூசையிலேயே என்னையும் என் கீபோர்டையும் தபேலா வாசிக்கும் தம்பியையும் வாசலுக்கு அனுப்பிவிடலாம். பாடகர் குழு வெறும் வாயால் பாட வேண்டியதுதான்.

அந்த ஆணை வந்து 71 வருஷம் கழித்து, 1975 பிப்ரவரி 18 அன்று, நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் 64 வயது கறுப்பினப் பெண் ஒருவர் பியானோ முன் உட்கார்ந்தார். பக்கத்தில் டிரம்ஸ், பேஸ், சிறுவர் பாடகர் குழு. அவரே இசையமைத்த ஜாஸ் திருப்பலி, அதாவது ஜாஸ் இசையில் பூசை. அந்தப் பேராலயத்தில் அப்படி ஒன்று நடந்தது அதுவே முதல் தடவை. அவர் பெயர் மேரி லூ வில்லியம்ஸ்.

இதை வெற்றிக் கதையாக எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்: பூட்டியிருந்த கதவு, ஒரு கலைஞர் தட்டினார், திறந்தது. ஆனால் கதவு திறந்த நேரத்தில் தெருவில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

மேரி லூ எனக்கு அறிமுகமானது பொன்மலையில். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிளிடம்தான் பியானோ படித்தேன். இளவயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ்களில் வாசித்தவர். "வாட் மேன், உன் லெஃப்ட் ஹேண்ட் தூங்குது" என்பதுதான் அவருடைய முழுப் பாடத்திட்டமும். இடது கை எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு கேசட் போட்டார். உள்ளங்கையில் ஒரு மொத்த பேண்டையே ஒளித்து வைத்திருப்பவர் வாசிப்பது மாதிரி இருந்தது. "லேடி மேன், லேடி" என்றார். நான் நம்பவில்லை. அங்கிள் பிறகு மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். கேசட் என்னிடம் தங்கிவிட்டது.

மேரி லூ 1910-இல் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்கில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே ஊர் வீடுகளில் வாசித்துக் காசு கொண்டுவந்த பிள்ளை. முப்பதுகளில் கேன்சஸ் சிட்டியின் ஆண்டி கர்க் பேண்டுக்குப் பியானோவும் அவர்தான், இசை எழுதித் தருபவரும் அவர்தான். பெரிய பேண்டுகள் நடத்திய பென்னி குட்மேனுக்கு எழுதிக் கொடுத்தார், டியூக் எலிங்டனுக்கும் எழுதிக் கொடுத்தார். நாற்பதுகளில், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் ஹாமில்டன் டெரஸ் என்ற தெருவில் அவர் வீடு ஒரு மடம். கிளப்கள் மூடிய பிறகு தெலோனியஸ் மாங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி என்று இளம் ஜாஸ் கலைஞர்கள் எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பீபாப் என்ற புது இசையை அந்தப் பையன்கள் செய்துகொண்டிருந்தபோது, முந்தைய தலைமுறையில் அவர்களோடு சண்டை போடாமல் உட்கார்ந்து கேட்ட மிகச் சிலரில் இவர் ஒருவர். ஜாஸின் எல்லாக் காலகட்டத்தையும் தன் விரலாலேயே கடந்து வந்தவர் என்று இவரைத் தவிர யாரைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

1954-இல் பாரிஸில், வாசித்துக்கொண்டிருந்த கிளப்பிலிருந்து ஒருநாள் எழுந்து போய்விட்டார். காரணம் ஒன்றல்ல. களைப்பு, பணக் கஷ்டம், கண்ணெதிரே போதையில் கரைந்துபோகும் நண்பர்கள். நியூயார்க் திரும்பியதும் ஹார்லெமில் உள்ள லூர்து மாதா கோவிலில் மணிக்கணக்காக முழந்தாளிட ஆரம்பித்தார். காரணம் எளிமையானது, அந்தக் கோவில் பகலிலும் திறந்திருந்தது. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று இசைக்கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று கையில் இருக்கும். அது நீண்டுகொண்டே போனது. 1957-இல், டிஸ்ஸியின் மனைவி லொரேனோடு சேர்ந்து, கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போதும் பியானோவைத் தொட மனமில்லை. ஆண்டனி வுட்ஸ் என்ற இயேசு சபைக் குரு உட்படச் சில சாமியார்கள்தான் அவரை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு இது வேடிக்கையாகவே இருக்கும். நம்மூரில் சாமியார்கள் 'போதும், சீக்கிரம் முடிங்க' என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

வாசிக்க வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. போதையில் விழுந்த கலைஞர்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதற்குப் பணம் சேர்க்கப் பழைய துணி, பழைய சாமான் விற்கும் கடை ஒன்றை நடத்தினார். குட்மேனுக்கு எழுதிய கையால் பழைய கோட்டுகளுக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். 1962 மே மாதம் மார்ட்டின் தெ போரஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கையில் துடைப்பம், காலடியில் எலி, நாய், பூனை என்று நம் கோவில்களிலும் சுரூபம் உண்டு, பார்த்திருப்பீர்கள். பெரு நாட்டின் லீமா நகரத்துக்காரர். அப்பா ஸ்பானியர், அம்மா அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினப் பெண். தோமினிக்கன் மடத்தில் முடி வெட்டுவதும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதும் கூட்டுவதுமாக வாழ்ந்தவர். கறுப்பினப் பெண்ணின் மகனைப் பீடத்தில் ஏற்றியதும் மேரி லூ அவருக்கு ஒரு பாட்டு எழுதினார். வரிகள் வுட்ஸ் சாமியாருடையவை. அந்த வருஷம் நவம்பரில், புனிதரின் திருநாளையொட்டி, மன்ஹாட்டனில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் கோவிலில் பாடினார்கள். திருச்சபையைச் சீர்திருத்த உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ரோமில் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். பூசை இன்னும் லத்தீன்தான்.

ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஆரம்பத்தில் கருவியே இல்லை, மனிதக் குரல்கள் மட்டும். நாம் பழகிய ஞானப்பாட்டு மாதிரி மேலே ஒரு ராகம், கீழே மூன்று பேர் முட்டுக்கொடுப்பது என்று அமைப்பு இல்லை. குரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக நிற்கின்றன. எல்லாம் சேர்ந்து அரை சுருதி நழுவுகின்றன, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கின்றன. அந்த ஹார்மனியை ஒரு சாக்ஸபோன் கூட்டத்திடம் கொடுத்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைப் பாடகர் குழுவிடம் கொடுத்தார். வெகுநேரம் கழித்துத்தான் பியானோ வாயைத் திறக்கிறது. வரும்போது லத்தீன் அமெரிக்கத் தாளத்தில் வருகிறது, மார்ட்டினின் ஊர்ப்பக்கத் தாளம். பெரிய வித்தைக்காரர் ஒருவர் அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு அதில் பெரிய பக்தி. நானாக இருந்தால் முதல் வரியிலேயே உள்ளே புகுந்திருப்பேன்.

அந்த இசைத்தட்டைத் தன் பெயரில் தானே ஒரு நிறுவனம் வைத்து 1964-இல் வெளியிட்டார். பூசையில் நன்மை, அதாவது திருவிருந்து அப்பம், வாங்கியபின் சொல்லும் 'கிறிஸ்துவின் ஆன்மாவே' ஜெபமும் அதில் புளூஸ் வாடையோடு வருகிறது. பெரிதாக விற்கவில்லை.

அதன் பிறகு சில வருஷம் திருவிழா மாதிரிதான். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணம் வந்தது. சொந்த மொழிக்கு இடம், அந்தந்த மக்களின் இசைக்கு இடம், ஆயர் சம்மதித்தால் வேறு கருவிகளுக்கும் இடம். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் சும்மா இல்லை. 1965 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் வின்ஸ் குவரால்டி என்ற பியானோக்காரர் ஜாஸ் வழிபாடு நடத்தினார். அதே பேராலயத்தில் அதே வருஷம் செப்டம்பரில் டியூக் எலிங்டன் தன் முழு பேண்டோடு முதல் புனிதக் கச்சேரி வைத்தார். பன்னி பிரிக்ஸ் என்ற டேப் நடனக்காரர், தாவீது ஆண்டவர் முன் ஆடிய பகுதிக்குப் பீடத்தின் முன்னால் காலைத் தட்டி ஆடினார். எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. அடுத்த வருஷம் எலிங்டன் தன் சொந்த ஊரான வாஷிங்டனில் இதே கச்சேரியை வைத்தபோது, அங்கிருந்த பாப்டிஸ்ட் போதகர்கள் சங்கம் ஆதரவு தர மறுத்தது. இரவு கிளப்பில் வாசித்தவர் பகலில் கோவிலில் வாசிப்பதா என்ற பேச்சு. பிசாசின் இசை என்று ஜாஸை முதலில் வைதவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல, அதைப் பெற்ற சமூகத்தின் சொந்தக் கோவில்களும்தான்.

நியூயார்க்கில் ஜான் கார்சியா ஜென்சல் என்ற லூத்தரன் போதகர் இருந்தார். அவர் பங்கு மக்களே ஜாஸ்காரர்கள்தான். சனி இரவு வாசித்துவிட்டு ஞாயிறு காலை எழ முடியாதவர்களுக்காக, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஜாஸ் வழிபாடு என்று 1965-இல் ஆரம்பித்தார். இரவு மந்தைக்கு மேய்ப்பர் என்று அவருக்காக எலிங்டன் ஒரு பாட்டே எழுதினார். 1967-இல் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் இறந்தபோது அடக்க வழிபாடு ஜென்சலின் செயின்ட் பீட்டர்ஸ் கோவிலில்தான் நடந்தது. சாக்ஸபோன்காரர்களான ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் வாசித்தார்கள்.

இவ்வளவும் நடந்தபோது ஜாஸைக் கேட்கக் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. நோய் எப்போதோ ஆரம்பித்துவிட்டது. 1944-இல் அமெரிக்க அரசு ஆட்டமும் பாட்டும் இருக்கும் விடுதிகளுக்கு 30 சதவீத வரி போட்டது. சில மாதத்திலேயே அதை 20 ஆகக் குறைத்தார்கள், ஆனால் முழுதாக எடுக்க 1965 வரை ஆனது. பாடகர் இல்லை, ஆட்டம் இல்லை, வெறும் கருவி என்றால் வரி இல்லை. அப்புறம் முதலாளி என்ன செய்வான்? நடன மேடையை மூடி நாலு பேரை உட்கார வைத்தான். ஆடுவதற்கான இசை கேட்பதற்கான இசையானதில் பீபாப்காரர்களின் மேதைமைக்கு எவ்வளவு பங்கோ, இந்த வரிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கட்சி. ஆட வந்த இளசுகள் ராக் அண்ட் ரோல் பக்கம் போனார்கள். 1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்காவில் இறங்கியபின் சொல்லவே வேண்டாம்.

மேரி லூ இதைக் கண்ணால் பார்த்தார், வேறு விதமாகக் காரணம் சொன்னார். டேவிட் ஸ்டோன் மார்ட்டின் என்ற ஓவியரிடம் சொல்லி ஜாஸுக்கு ஒரு மரம் வரைய வைத்தார். வேரில் துன்பம். அதன் மேல் அடிமைகளின் ஞானப்பாடல்கள், ராக்டைம், ஸ்விங், பீபாப் என்று தண்டு. ஒரு பக்கம் இலைதழை, இலைக்கொன்றாகக் கலைஞர் பெயர். மறுபக்கம் பட்ட கிளைகள். வியாபார ராக், பழைய விதிகளை உடைத்த அவான்ட் கார்ட், பாடப்புத்தகப் பயிற்சி எல்லாம் அந்தப் பக்கம். வேரை மறந்தால் மரம் பட்டுப்போகும் என்பது அவர் வாதம். அந்த வேர் கோவிலில் இருக்கிறது, ஆகவே ஜாஸைக் கோவிலுக்குத் திரும்பக் கூட்டிப்போனால் பிழைக்கும் என்று நம்பினார்.

மரத்தின் பட்ட பக்கத்தோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஐலரின் சாக்ஸபோனைக் கேளுங்கள், கூச்சலாக இருக்கும். ஆனால் அது ஜெபக்கூட்டத்துக் கூச்சல். அந்தக் காலத்தில் யாரையும்விட அதிகமாகக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர் பட்டதென்று ஒதுக்கிய கிளையில்தான் இருந்தார்கள். பின்னாளில் 1977-இல் அந்தப் பக்கத்து ஆளான செசில் டெய்லரோடு கார்னகி ஹாலில் இரட்டைப் பியானோ வாசிக்க இவரே கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே மேடையில் தனித்தனிக் கச்சேரி செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் கோவில் பற்றிய நம்பிக்கை? அங்கேதான் ஏமாற்றம். எதிர்த்தது ஆயர்கள் அல்ல. பிட்ஸ்பர்க் ஆயர் ஜான் ரைட் அவருக்குத் துணையாகவே இருந்தார். 1967-இல் பிட்ஸ்பர்க் பேராலயத்தில், மேரி லூ பாடம் நடத்திய பள்ளி மாணவிகளை வைத்து, அவருடைய முதல் பூசை நடந்தது. பின்னர் வத்திக்கானின் நீதி, அமைதி ஆணையத்திலிருந்தே அமைதிக்கான ஒரு பூசை கேட்டு வந்தது. அதை 1971-இல் ஆல்வின் எய்லி என்ற நடன அமைப்பாளர் நடனமாகவும் மேடையேற்றினார். அனுமதி, பாராட்டு எல்லாம் கிடைத்தது. கிடைக்காதது சாதாரண ஞாயிற்றுக்கிழமை.

ஏனென்றால் அதே கதவு வழியாகக் கித்தாரும் உள்ளே வந்துவிட்டது. மூன்று கார்டு தெரிந்தால் போதும். ஒரு கோடை விடுமுறையில் பழகிவிடலாம். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பாட்டிகூட இரண்டாம் வரியிலேயே சேர்ந்து பாடிவிடுவார். ஜாஸுக்கு ஊருக்கு ஒரு மேரி லூ வேண்டும், அவர் காலடி தெரிந்த டிரம்மர் ஒருவர் வேண்டும், கேட்கும் கூட்டம் தாளத்தின் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் கைதட்ட வேண்டும். எங்கள் பங்கில் கைதட்டு ஒன்றிலும் மூன்றிலும் விழும், சில திருவிழாக்களில் எங்கும் விழும். சங்கம் மக்கள் பாட வேண்டும் என்றது, அது நியாயம்தான். அந்த நியாயத்தில் ஜெயித்தது எளிய பாட்டு. மேரி லூவுக்கே இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். மார்ட்டின் பாட்டின் அந்த முரட்டு ஹார்மனியோடு பிந்தைய பூசைகளை ஒப்பிட்டால், ராகங்கள் பிள்ளைகள் பாடுகிற மாதிரி நேராகிவிட்டன. இறங்கி வந்தார். ஆனாலும் அந்தப் பூசைகள் பேராலயங்களில் விசேஷ நாள் நிகழ்ச்சியாகத்தான் நின்றன, பங்குகளின் பாட்டுப் புத்தகத்துக்குள் போகவில்லை.

கறுப்பினச் சபைகளின் காஸ்பல் இசை பிழைத்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம் என்பேன். அங்கே சபையே பாடகர் குழு. ஜாஸில் கூட்டம் வாயை மூடிக் கேட்டாக வேண்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலிங்டன் 1973-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மூன்றாவது புனிதக் கச்சேரி வைத்து, அடுத்த மே மாதம் இறந்தார். ஜாஸ் பியானோக்காரர் டேவ் பிரூபெக் ஒரு பூசைக்கு இசையமைத்தார். அதில் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' எங்கே என்று ஒரு சாமியார் கேட்டார். குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தபோது அந்தப் பகுதி முழுதாகக் கனவில் வந்தது, 1980-இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார். ஜென்சலின் கோவில் இருந்த மனையை ஒரு வங்கி கேட்டது. அதே மூலையில் புதுக்கோவில் கட்டித்தந்தால் தருகிறோம் என்றார்கள். அதனால்தான் 1977-இல் திறந்த அந்த வங்கிக் கோபுரம் மூலைகளில் தூணில்லாமல், பக்கங்களின் நடுவில் உயரமான கால்கள் ஊன்றி, கோவிலுக்கு மேலே நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் கோல்ட்ரேனையே புனிதராக வைத்து வழிபடும் சபைக்கு அந்த யோகம் இல்லை. ஒரு காலத்தில் மேற்கின் ஹார்லெம் என்று பெயரெடுத்த ஃபில்மோர் பகுதியிலிருந்து, வாடகை கட்டுப்படியாகாமல், 2016-இல் காலி செய்ய வேண்டி வந்தது. ஜாஸ்காரர்களும் அவர்களைக் கேட்டவர்களும் அந்தப் பகுதியை விட்டு முன்பே போய்விட்டார்கள்.

கணக்கும் உண்டு. அமெரிக்காவில் ஜாஸ் கச்சேரிக்குப் போகிறவர்களைச் சரிபாதியாகப் பிரிக்கும் வயது 1982-இல் 29, 2008-இல் 46. 2014-இல் அங்கே விற்பனையிலும் இணையத்திலுமாகக் கேட்கப்பட்ட மொத்த இசையில் ஜாஸின் பங்கு 1.4 சதவீதம். எங்கள் இரண்டாம் பூசையின் சராசரி வயதைப் பார்த்தால் இந்த எண்கள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மேரி லூ கடைசி வருஷங்களில் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1981-இல் புற்றுநோயில் இறந்தார். குழந்தைகளுக்கு ஜாஸ் சொல்லித்தர ஓர் அறக்கட்டளையைச் சாவுக்கு முன் ஏற்படுத்திவிட்டுப் போனார். கடைசிவரை பெரியவர்களைவிடப் பிள்ளைகள் மேல்தான் அவருக்கு நம்பிக்கை.

போன நவம்பரில் மார்ட்டின் திருநாள் பூசையில், நன்மை கொடுத்து முடிந்தபின், கீபோர்டின் தானியங்கித் தாளத்தை அணைத்துவிட்டு, அந்தப் பாட்டின் பியானோ பகுதியை என் கைக்கு எட்டியவரை வாசித்தேன். பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்தார்.

"நல்லா இருந்துச்சுப்பா. ஆனா யாரும் பாடலையே?"

"இது பாடுறதுக்கில்ல சாமி, கேக்குறதுக்கு."

"கேக்குறதுக்குத்தான் என் பிரசங்கம் இருக்கே" என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வருஷம் குரல்களோடு முழுதாக முயற்சி செய்யலாம் என்றிருக்கிறேன். சாமியார் சரி என்றுவிட்டார், பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆல்ட்டோ பாட அக்காமார்கள் இருக்கிறார்கள். பேஸ் குரலுக்குத்தான் ஆள் இல்லை. திருச்சிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை ஒத்திகை, டீ உண்டு.